காளிதாஸ் மாஸ்டருக்கு அளவு தெரியும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் கடைவீதி வர்த்தகர் சங்கத் தலைவர் அப்துல் ரஸாக் ஹாஜியார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கோயில் பரிபாலன சபைப் பெரியோர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் சகோதரி சீதாலட்சுமி அவர்களே, ரப்பர் பால் வெட்டை முடித்த கையோடு மலையிறங்கி வந்திருக்கும் என் தோட்டத்து உறவுகளே! கனத்த மனதோடு எல்லாரையும் வணங்குகிறேன்.

தெஹியோவிட்ட கடைவீதியில் இருபத்தெட்டு வருடம் மெஷின் மிதித்த தையல் மாஸ்டர் காளிதாஸ் அவர்கள் நம்மை விட்டுப் போய் இன்றோடு பதினாறு நாள். எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசினீர்கள். அவருடைய பொறுமையைப் புகழ்ந்தீர்கள். அவருடைய பக்தியைப் புகழ்ந்தீர்கள். ஒருவராவது அவருடைய தையலைப் புகழ்ந்தீர்களா? இல்லை! ஏன்? "காளிதாஸ் மாஸ்டர்கிட்ட ஒரு ரவிக்கை கொடுத்தா மூணு தடவை திருத்த நடக்கணும்" என்று பேசாத வாய் இந்த மண்டபத்தில் உண்டா?

அந்த வாய்களில் பெரிய வாய் என்னுடையது. தோட்டத் தொழிலாளர் தலைவன் அல்லவா, மைக்கைக் கண்டால் எனக்கு அடங்காது. மூன்று வருடத்துக்கு முன் அம்மன் திருவிழாவில், அவரை எதிரே வைத்துக்கொண்டே சொன்னேன்: "நம்ம மாஸ்டர்கிட்ட நம்பி வேட்டி மட்டுந்தான் கொடுக்கலாம். ஏன்னா அதைத் தைக்க வேண்டியதில்லை!" ஊரே சிரித்தது. அவரும் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தார். சகோதரி சீதாலட்சுமி மட்டும் எழுந்து போய்விட்டார்.

அந்தச் சகோதரி நான்கு நாளைக்கு முன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "தலைவரே, மத்ததெல்லாம் போகட்டும். தைக்கத் தெரியாதவருங்கிற பேரோட மட்டும் அவரு போக வேணாங்க. நீங்கதான் மைக்ல சொன்னீங்க. நீங்களே மைக்ல சரி பண்ணுங்க" என்றார். அதற்குத்தான் நிற்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன் பால் வெட்டும் அம்மா ஒருவர், பழைய ரவிக்கையைப் பிடித்துத் தரச் சொல்லி மாஸ்டரிடம் போனார். அவர் இப்போது மகளோடு கலவான பக்கம் இருக்கிறார். போனில் கேட்டேன், "தாராளமா சொல்லுங்க" என்றார். மாஸ்டர் டேப்பைப் போட்டுப் பார்த்தார். மூன்று மாதத்தில் நான்கு இஞ்ச் இறங்கியிருந்தது. "என்னம்மா ஆச்சு?" என்றார். அவ்வளவுதான், அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

நடந்தது இது. ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்குக்குப் போய் மருந்து எடுத்திருக்கிறார். குணமும் தெரிந்திருக்கிறது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி மருந்து எழுதும் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டாள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேச்சு. "பிஸ்ஸு கிளினிக்குக்குப் போறாளாம், பைத்தியமாம்!" மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்த அம்மா கொப்பியை அடுப்பில் போட்டார், மருந்தை நிறுத்தினார்.

உறவுகளே, ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்தில் நமக்கு எத்தனை அறை? ஒரு கொப்பியை ஒளித்து வைக்க இடமுண்டா? அவிசாவளை பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால், யார் இறங்குகிறார்கள் என்று எத்தனை கழுத்து திரும்புகிறது! காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மனசுக்கு முடியவில்லை என்றால் கதவைச் சாத்துகிறோமே, ஏன்?

மாஸ்டர் அந்த அம்மாவிடம் சொன்னார்: "புதுக் கொப்பி எடுங்க. கொப்பியும் மருந்தும் ரவிக்கையோட ஒரே பையில இங்க இருக்கட்டும். வாரா வாரம் வந்து எடுத்துக்கங்க. கேட்டா, மாஸ்டர் அளவைக் கெடுத்துட்டாரு, திருத்தக் கொடுத்திருக்கேன்னு சொல்லுங்க."

அப்படித் தொடங்கியது அந்தக் கெட்ட பெயர்! ஒரு பை மூன்றானது. மூன்று பத்தானது. வாராவாரம் வந்தவர்களுக்கு, பொத்தான் போடும் சின்னக் கவரில் ஏழு நாள் மருந்தை எண்ணிப் போட்டுக் கொடுத்தார்.

மருந்து மட்டுமா? நமக்குச் சிங்களம் தெரியாதா? தெரியும்! கடையில் பேரம் பேசுவோம், பஸ்ஸில் சண்டையே போடுவோம். ஆனால் "விடிஞ்சா எந்திரிக்கப் பிடிக்கல" என்பதை, முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது, இரண்டு நிமிடத்தில் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? மாஸ்டர் அளவெடுத்தபடியே தமிழில் கேட்பார், அளவுச் சீட்டில் சிங்களத்தில் எழுதுவார். தூக்கம் இரண்டு மணித்தியாலம். சாப்பாடு அரைவாசி. அழுகை தினம். அதை டாக்டரிடம் நீட்டினால் போதும். கிளினிக் நடக்கும் செவ்வாய்க்கிழமை அவரும் கடையைப் பூட்டிவிட்டு கிளினிக் வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்திருப்பார். நாம் என்ன சொன்னோம்? சோம்பேறி என்றோம்!

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன வருடம் கீழ் லயத்தில் மண் சரிந்தது. அதிகாரிகள் வீடுகளை விட்டு எழும்பச் சொன்னபோது "ஒண்ணும் ஆகாது, இருங்க" என்று சொன்ன தலைவன் நான். இரண்டு உயிர் போனது. நீங்கள் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தின்றது. மழை இருட்டினால் விடியும்வரை வாசலில் உட்கார்ந்து மலையையே பார்த்திருப்பேன். அப்படியிருக்கும்போது ஒருநாள் சட்டை தைக்க அவரிடம் போனேன். டேப்பைக் கழுத்தில் போட்டவர் மெதுவாகக் கேட்டார்:

"தலைவரே, கழுத்து ஒன்றரை இஞ்ச் கொறைஞ்சிருக்கு. எப்ப இருந்து தூங்கல?"

"எனக்கென்ன பிஸ்ஸுங்கிறீங்களா?" என்று கத்தினேன்.

"இல்லங்க. சட்டை லூசாயிருச்சுங்கிறேன்."

பிறகு அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து காட்டினார். வரிசையாகத் துணிப் பைகள். யாருடையது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஐயோ மாஸ்டர், உங்களைப் போயி மைக்ல கேவலப்படுத்திட்டேனே!" என்றேன். அந்த மனுஷன் சிரிக்கிறார்! "அட, நல்ல வேலைதாங்க பண்ணீங்க. ஊரே நம்பிருச்சு, அடுத்த வாரமே புதுசா மூணு பேரு திருத்த வந்தாங்க" என்கிறார்.

தைக்கத் தெரிந்தவனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் உண்டா? அதை வாங்கிக் கொண்டு, நம் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்த மகான் அவர்! அவருக்கு அளவு தெரியாதா? நம்மில் யாருக்கு எவ்வளவு கனக்கிறது என்று அளவு தெரிந்த ஒரே ஆள் அவர்தானய்யா!

ஆனால் இந்தக் கதையை மேடையில் சொல்லுமுன் பைக்காரர்களிடம் சகோதரி மூலமாகச் சம்மதம் கேட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் திருப்பிக் கேட்டார்: "சொல்லுங்க. மாஸ்டர் பேரு நல்லாகட்டும். ஆனா அதுக்கப்புறம் நாங்க என்ன சாக்குச் சொல்லிப் போறது?"

நான்கு நாளாக அந்தக் கேள்வியோடுதான் அலைகிறேன். இன்று பதில் சொல்கிறேன்.

பைகள் பத்திரமாக இருக்கின்றன. சாவி சகோதரியின் இடுப்பில். திங்கட்கிழமை கடை திறக்கும், மெஷின் ஓடும். யார் திருத்த வந்தவர், யார் மருந்துக்கு வந்தவர் என்று எண்ணிப் பார்க்க நினைக்கிறவர்களே, உங்கள் வீட்டிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்!

நான் போட்டிருக்கும் இந்தச் சட்டை மாஸ்டர் தைத்தது. பாருங்கள், ஒரு நூல் பிசகியிருக்கிறதா? இதைத்தான் நான் பதினொரு மாதம் திருத்தக் கொடுத்திருந்தேன்.

ஆமாம் உறவுகளே. இதோ என் கிளினிக் கொப்பி. இன்று காலை பையிலிருந்து எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆறரை பஸ்ஸில், முன் சீட்டில், இதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாதர் சங்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் ஒவ்வொரு கிளினிக்குக்கும் என்னோடு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். மாஸ்டர் எழுதிய மாதிரியே சீட்டு எழுத நம் பள்ளிக்கூடத்து ராகினி டீச்சர் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பார்.

இதுவே காளிதாஸ் மாஸ்டருக்கு நான் செய்யும் சத்தியம். கெட்ட பெயர் ஒன்றை அவர் இத்தனை வருடம் நமக்காகச் சுமந்தார். இனி அது என் தோளில் இருக்கட்டும். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், கூசாமல் சொல்லுங்கள்:

"நம்ம தலைவருக்குத்தாங்க பிஸ்ஸு. நான் சும்மா துணைக்குப் போறேன்."