நடுவில் நின்ற சைப்ரஸ்

மரங்கள்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை, சார்ஜென்ட். என் வீட்டு வாசலில் ஓர் எலுமிச்சை நிற்கிறது. ஞாயிறு தவறாமல் நானே தண்ணீர் விடுகிறேன்.

எங்கள் கம்பெனி சின்னது. குன்றின்மேல் ஒரு கோபுரம், சுற்றிலும் பண்ணைகள், கூரைக்குக் கூரை ஒரு டிஷ் தட்டு. கோபுரமும் தட்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டால் இன்டர்நெட் பறக்கும். நடுவில் எதுவும் நிற்கக் கூடாது. எங்கெல்லாம் கிடைக்கும் என்று காட்டும் வரைபடத்துக்குப் பச்சை அடித்தவன் நான். பள்ளத்தாக்கு முழுக்க அடித்தேன். எனக்குக் கை தாராளம்.

அந்தப் பச்சைக்குள் நோரீன் டல்லக்கின் பண்ணையும் இருந்தது. ஆன்லைன் ஏலத்தில் கிடா வாங்க உட்கார்ந்தவள், படம் உறைந்துபோனதில், மலட்டுக் கிடா ஒன்றை நல்ல விலைக்கு வாங்கிவிட்டாள்.

"உன் மேப்புல என் வீடு பச்சைப் பசேல்னு இருக்கு, டாரில். இங்க வந்து பாரு, ஸ்க்ரீன்ல சக்கரந்தான் சுத்துது. ஒண்ணு வேகத்தக் குடு, இல்ல மேப்ப மாத்து. ரெண்டும் முடியாதுன்னா புகார் எழுதிப் போட்ருவேன்" என்றாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வீட்டுக்கு அடித்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும். மேலும் என் வரைபடத்தில் தவறு கிடையாது. தவறு தரையில்தான் இருந்தது: நோரீனுக்கும் கோபுரத்துக்கும் நடுவே, க்ளெம் வாட்லிங்கின் வீட்டை ஒட்டி நின்ற சைப்ரஸ் மர வரிசை.

க்ளெமிடம் எவ்வளவோ தன்மையாகப் பேசினேன். அவர் கூரையிலும் இலவசமாக ஒரு தட்டு மாட்டிக்கொடுத்தேன். மரங்களைப் பார்த்துக்கொண்டு அது சும்மா கிடந்தது.

"பறவைங்க உக்கார நல்ல எடம் பண்ணிக் குடுத்திருக்கப்பா" என்று சிரித்தார். வெட்டுவதைப் பற்றிப் பேச்சை எடுத்ததும் சிரிப்பு போய்விட்டது. "மேக்கத்திக் காத்து நேரா அடிச்சா, பொறந்த குட்டி ஒண்ணுகூடத் தங்காது. உன் இன்டர்நெட்ட நம்பியா நான் ஆடு வளக்குறேன்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்களோடு பேசிப் பயனில்லை. பிடிவாதக்காரர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

சைப்ரஸ் எப்படி எரியும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். வெயிலும் காற்றும் அதிகம் என்று ஊரெங்கும் தீ மூட்டத் தடை போட்ட நாளாகப் பார்த்தேன். அன்றைக்கு வேறு யாரும் எதையும் கொளுத்த மாட்டார்கள், வீண் பழி யார்மேலும் விழாது. எங்கள் விளம்பரத்தில் சொல்லும் வேகம் அன்று காற்றுக்கு இருந்தது.

மதியச் சாப்பாடு ஆனதும் க்ளெம் படுத்துவிடுவார், காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அதிகம் சிரமப்படவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மறுநாள் நோரீன் வீட்டுக்குப் போய் வேகம் பார்த்தேன். அவள் அழுதுகொண்டேதான் இருந்தாள். ஆனால் சக்கரம் சுற்றவில்லை.

ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். பற்றவைப்பதற்கு முன் க்ளெமுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், உடனே வெளியே போய்விடுங்கள் என்று. நான் சொன்னபோதே அந்த மரங்களை வெட்டியிருந்தால், அது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.