மூடி மட்டும் அவனுடையது

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டார் பட்டறை நடத்துகிறவள் என்றதும் வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "ஏதாவது வாசிங்களேன்" என்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தந்தி மாட்டுவது, மீட்டர் முள்ளைப் பார்த்துச் சுருதி சேர்ப்பது, விரல் ரேகை தெரியாமல் துடைத்துப் பெட்டியில் வைப்பது. அந்த வேலையில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

நீங்கள் தம்பியின் கையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். ஆனால் கீயைப் பற்றிச் சொல்லாமல் கையைப் பற்றிச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

கிட்டாரின் தலைப்பகுதியில் தந்திக்கு ஒன்றாகத் திருகுகள் இருக்கும். அதைத்தான் பட்டறையில் கீ என்போம். உள்ளே நகத்தளவு பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. இறுக்கிய இடத்திலேயே தந்தியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அப்பா காலத்திலிருந்து எங்கள் கிட்டாரில் மரம் இங்கே அறுத்தது, இழைப்பு இங்கே, வார்னிஷ் இங்கே. கீ மட்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. தம்பி நினைத்தான்.

"உடம்பு பூரா நம்ம செஞ்சது. தலையில மட்டும் எதுக்குக்கா அடுத்தவன் சாமான்?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். "ஒரு பல்சக்கரம் நம்மால பண்ண முடியாதா?"

"முடியும். முதல்ல தட்டைக் காலி பண்ணு" என்றேன்.

அவனை வளர்த்தது நான். அம்மா போனபோது அவனுக்குப் பேச்சுகூடத் திருந்தவில்லை. அப்பாவுக்கு மரத்தோடு பேசத் தெரிந்த அளவு பிள்ளைகளோடு பேசத் தெரியாது. என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டவர்களிடம் தம்பியும் என்னோடு வருவான் என்று சொன்னேன். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. வருத்தம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் தம்பி உலை வைத்தான், தகடு வெட்டப் பிரஸ் மெஷின் போட்டான். முகமெல்லாம் கரியோடு சாப்பிட வருவான். அவன் செய்த முதல் கீக்களை ஊரிலேயே பெயர்பெற்ற பாட்டுக்குழுக்காரர் ஒருவருக்கான கிட்டாரில் மாட்டிக் கொடுத்தோம். பட்டறையில் அவரை மேடைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அடுத்த வாரமே அவர் அந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, வேலைக்காரர்கள் எல்லாரும் பார்க்க மேஜைமேல் வைத்தார்.

"பாட்டு பாதி போறதுக்குள்ள தந்தி தொங்கிப்போச்சு தம்பி. கூட்டம் சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சு வெச்சேன், வேற என்ன பண்றது. பழைய கீயையே போட்டுக் குடுத்துடுங்க."

 அதன்பின் தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு காலையில் டீ எடுத்துக்கொண்டு போனபோது அறையில் அவனைக் காணோம். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், கால்களைத் தெருப்பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கத்தினால் திடுக்கிடுவான் என்று கத்தவில்லை. "டீ ஆறுது" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சநேரம் கழித்து ஏணியில் இறங்கி வந்து டீயைக் குடித்தான். அவன் அந்தப்பக்கம் திரும்பியதும் ஏணியை நான் உடைத்துப் போட்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னை நிறுத்தி, வேறு என்ன செய்திருக்கலாம் என்று சொல்லலாம். நான் நிறையவே யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அவன் மறுபடி செய்யத் தொடங்கினான். நானும் மறுபடி வெளிநாட்டுக் கீ வரவழைத்தேன், அவனுக்குத் தெரியாமல். பெட்டிகள் வந்தால் மெருகு எண்ணெய் என்று சொல்லிவிடுவேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் கடைசி மேஜையில் உட்கார்ந்து, அவன் செய்த கீயின் பின்மூடியைக் கழற்றுவேன். மூடியில் அவன் ஒரு சின்ன இலையை முத்திரையாகப் பொறித்திருந்தான். அந்த மூடியை எடுத்து வெளிநாட்டுக் கீயின்மேல் பூட்டிவிடுவேன். வெளியே பார்த்தால் இலை இருக்கும். உள்ளே சக்கரம் அடுத்தவனுடையது. அவன் செய்த சக்கரங்களைச் சாக்கில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

பிறகு எல்லாம் நன்றாக நடந்தது. மேடைக்காரர் வந்து தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "சாதிச்சுட்டப்பா, அசையவே மாட்டேங்குது" என்றார். தலை முதல் கால் வரை இங்கேயே செய்த கிட்டார் என்று கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். தம்பிக்கு உடம்பு தேறியது. குளிக்கும்போது பாடினான். அவன் பாடினால் காதைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டும், ஆனாலும் நான் கதவுப்பக்கம் நின்று கேட்பேன். ஒரு மனிதனை இவ்வளவு சந்தோஷமாக வைத்திருப்பது குற்றம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மேடைக்காரரின் குழுவில் கிட்டார் வாசிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். தந்தி மாற்ற வருவாள், போவாள். அப்புறம் தந்தி மாற்றாமலும் வந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு என்னிடம் வந்து சொன்னார்கள். நான் சந்தோஷப்பட்டேன். வீட்டில் எந்த அறையை அவர்களுக்கு ஒழிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அறையெல்லாம் வேணாங்கா. நாங்க வேற ஊருக்குப் போறோம்" என்றான் தம்பி. "அங்க கீ மட்டும் செய்யற பட்டறை போடப் போறேன். எல்லாப் பட்டறைக்கும் நான் கீ குடுப்பேன். இனிமே யாரும் கப்பலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேணாம்."

எல்லாப் பட்டறைக்கும் என்றான். அந்தப் பட்டறைகளில் மத்தியானம் மூடி மாற்ற நான் இருக்க மாட்டேன். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு அந்தப் பெண் எண்ணெய் போடுவதற்காகத் தன் கிட்டாரில் ஒரு கீயின் பின்மூடியைத் திறந்திருக்கிறாள். சக்கரத்தின்மேல் வெளிநாட்டுக் கம்பெனியின் எழுத்து. நேராக என் மேஜைக்கு வந்து அதை வைத்தாள். நல்ல பெண்தான். குரலை உயர்த்தவில்லை.

"இது உங்க வேலைதானே அண்ணி?"

"அவன் உயிரோட இருக்கணும்னு பண்ணேன்" என்றேன். தொட்டி விளிம்பைப் பற்றிச் சொன்னேன்.

அந்தக் கீயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அதுக்கப்புறம் அவர் செஞ்சதுல ஒண்ணையாவது மாட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்கு என்ன அவசியம். என் தம்பி கைவேலை எனக்குத் தெரியாதா?"

"கிளம்பறதுக்கு முன்னாடி நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க அண்ணி. நான் சொல்ற மாதிரி வெச்சுடாதீங்க."

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சொன்னால் அவன் மறுபடி தொட்டி விளிம்புக்குப் போவான். சொல்லாவிட்டால் வேற்றூரில், தெரியாதவர்கள் முன்னால் அவமானப்படுவான். அங்கே டீ ஆறுகிறது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அப்போதுதான் தோன்றியது: கீ செய்யவே முடியாத ஒருவனிடம் போய், நீ செய்த கீ சரியில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. செய்த வரைக்கும் பெயர் வாங்கினவன் என்று நிம்மதியாக இருந்துவிடுவான்.

பிரஸ் மெஷினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலால் மிதித்தால் மேல்தலை இறங்கித் தகட்டை வெட்டும். தகட்டை வைக்கக் கையை உள்ளே விடும்போது தலை இறங்காமல் ஓர் எஃகுப் பின் தாங்கிக்கொள்ளும். அந்தப் பின்னைத் தம்பியே கடைந்து போட்டான், நான் பயப்படுகிறேன் என்பதற்காக. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். "இது இருக்கிறவரைக்கும் உன் தம்பி கைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான். பின் தாங்கும் என்ற தைரியத்தில் காலை மிதியின் மேலேயே வைத்திருப்பது அவன் பழக்கம். நான் எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன்.

பின்னை உருவி எடுத்துவிட்டு, அதே கனத்தில் ஒரு மரக்குச்சியைச் சீவிக் கறுப்பு மை தடவிச் செருகினேன். காலையில் அவனைக் கூப்பிட்டு, ஒரு செட் அவசரமாக வேண்டும் என்றேன். "இதோக்கா" என்று போனான். டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். ஓடிப்போய் முதலில் துணி சுற்றியது நான்தான். டாக்டர்கூடச் சொன்னார், அவ்வளவு இறுக்கிக் கட்டியதால்தான் பிழைத்தான் என்று. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். களேபரத்தில் குச்சித் துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டேன். அந்த எஃகுப் பின் எங்கே என்று எல்லாரும் கேட்டபோது, மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் கழற்றிவிட்டுப் போட மறந்திருப்பார் என்றேன். அவரை வேலையை விட்டும் அனுப்பினேன். கண் கலங்கிப் போனார். தம்பிதான் மனசு கேட்காமல், "அவரைத் திட்டாதக்கா, நான்தான் பாக்காம உக்காந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவேன், ஊட்டிவிடுவேன், தலை சீவிவிடுவேன். அந்தப் பெண்ணும் தினமும் வந்தாள். என்னிடம் கீயைப் பற்றி அவள் மறுபடி எதுவும் கேட்கவில்லை. இனி எதற்கு என்று அவளும் நினைத்திருக்கலாம். வரட்டும், நாளடைவில் குறைந்துவிடும் என்று இருந்தேன். ஆனால் தம்பி இடது கையால் எழுதிப் பழகினான். பல்சக்கரம் வரைந்தான். ஒருநாள் என்னிடம் சொல்கிறான், "கைதானக்கா போச்சு. அளவெல்லாம் தலையில இருக்கு. நான் சொல்லச் சொல்ல இவ செய்யட்டும். அடுத்த மாசம் கிளம்பறோம்."

அதைச் சொன்ன கையோடு, அறுந்துபோன சட்டைப் பொத்தானைத் தானே தைக்கிறேன் என்று என் தையல் பெட்டியைத் திறந்தான். அடியில் மெஷினின் எஃகுப் பின் இருந்தது. ஏன் எறியவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். அவன் கையால் செய்தது. எறிய மனம் வரவில்லை.

அதை எடுத்து மேஜைமேல் வைத்தான். "இது எப்படிக்கா இங்க வந்துச்சு?"

நான் தையல் பெட்டியை மூடினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பின்னை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவைக்கூடச் சாத்தவில்லை. நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

நேற்று நீங்கள் சொன்னதைக் கேட்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்த சாக்கை எடுத்து, மேடைக்காரரைக் கொண்டு அந்தச் சக்கரங்களைக் கிட்டாரில் போட்டுப் பார்த்தீர்கள் என்றும், ஒன்றுகூட நழுவவில்லை என்றும் சொன்னீர்கள். முதல் தடவைக்குப் பிறகு அவன் செய்தது எல்லாமே சரியாகத்தான் இருந்தது என்றீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள், நான் இடிந்துபோவேன் என்று.

மாட்டிப் பார்க்க அவசியமில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன பதிலையே உங்களிடமும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் எழுதுகிறவர் வேறு பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கிறார். அவள் வந்து கேட்டுவிட்டுப் போன மறுநாள் சாக்கிலிருந்து ஒரு செட்டை எடுத்து மாட்டிப் பார்த்தேன். தந்தியை இறுக்கி, மீட்டர் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கிவிடு, இறங்கிவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். இறங்கியிருந்தால் அவனிடம் சொல்லியிருப்பேன். அழுதிருப்பான், எங்கேயும் போகாமல் என்னோடு இருந்திருப்பான். காலையில் மாட்டியது, வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போகும்வரை முள் மயிரிழைகூட அசையவில்லை. வெளிநாட்டுச் சாமானைவிட நன்றாகவே நின்றது. அதற்கு அப்புறம்தான் எழுந்து கொட்டகைக்குப் போய்ப் பின்னை உருவினேன்.

இவ்வளவுதான் ஐயா. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

தம்பி என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபம் வந்தால் சின்ன வயதிலும் அவன் இப்படித்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். பசித்தால் வந்துவிடுவான்.