எடைக்கு எடை வெல்லம்

ஆந்திரம் தனி ராஜ்யமான பிறகு வந்த கோடை அது. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ் புத்தலப்பட்டில் நின்றதும் வடைக்காரர் ஜன்னலோரம் வந்தார். எனக்கு முன் இருக்கையில் இருந்த விவசாயி கையை நீட்ட, அவர் மனைவி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மலையில தராசுல ஏறி எறங்கற வரைக்கும் நீ ஒண்ணும் துன்னக் கூடாது.”

“காலையிலேருந்து பட்டினிமே.”

“நீ ஜுரத்துல கெடந்தப்போ, பொழைச்சா எடைக்கு எடை வெல்லம் தர்றேன்னு பெருமாளுக்கு வேண்டிக்கினேன். அப்போ வெல்லம் மலிவு. இப்போ விக்கிற வெலையில நீ துன்ற ஒவ்வொரு வாயும் எனக்குச் செலவு.”

“அப்பவே கூட்டிக்கினு போயிருக்கலாமே. எலும்பும் தோலுமா இருந்தேன்.”

“பொழைப்பியான்னு தெரியாம எப்பிடிய்யா கூட்டிக்கினு போறது?”

“ஒரே ஒரு வடைமே. அது இன்னா எடை இருந்துடும்?”

“வடைக்கும் காசு குடுத்து, அந்த எடைக்கு வெல்லத்துக்கும் காசு குடுக்கணுமா? ஒரு வடைக்கு ரெண்டு தரமா?”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கையை மடக்கிக்கொண்டார். அவளோ ஒரு வடை வாங்கித் தானே தின்னத் தொடங்கினாள்.

“இன்னாமே இது?”

“என் எடைக்கு யாரும் வேண்டிக்கலயே.”