ராஜா வராத ராஜா நாள்

— அப்ப உங்க ஆபீஸ் யோவாகிம் ரயில்ல உன் பக்கத்து சீட்டுலதான் உக்காந்து வந்தான்.

— எதிர் சீட்டு, வான்னஸ்.

— அடடா, அது இன்னும் விசேஷம். பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் முகத்துக்கு முகம் பாத்துக்கிட்டே.

— எங்க வரி ஆபீஸ் பூராவும்தான் போனோம். இன்னிக்கு ராஜா நாள், சர்ச்சுல ராஜாவுக்காக நன்றிப் பூசை. போகக் கூடாதா? உருளைக்கிழங்கு ஆறுது, சாப்பிடு.

— போலாமே! ராஜா என்னவோ நாட்டுக்கே ராஜா. லீவு மட்டும் அரசாங்க உத்தியோகத்துக்கு. பிஸ்கட் ஃபேக்டரிக்காரன் நான் என்ன, ஹாலந்து ராஜாவோட பிரஜையா? நவம்பர் பதினஞ்சு வந்தா உனக்கு லீவு, யோவாகிமுக்கு லீவு, எனக்கு அடுப்பு வாசல்.

— ராஜாவே வேணாம், குடியரசு வேணும்னு ஊரெல்லாம் பேசுறவன் நீதானே?

— ராஜா வேணாம்னேன், வீர்லெ. லீவு வேணாம்னு எப்பச் சொன்னேன்?

— சரி, யோவாகிம் மேல அப்படி என்ன கடுப்பு?

— கடுப்பா? எனக்கா? அவன் சென்ட்டும் மஃப்ளரும்! கிறிஸ்மஸுக்கு ஆபீஸ் பூரா ஆள் இருக்க, உனக்கு மட்டும் ஏன் சாக்லேட் குடுத்தான்?

— சீட்டுக் குலுக்கினோம். அவனுக்கு என் பேர் விழுந்துச்சு.

— விழும், விழும். பூசையில என்ன பாத்தீங்க?

— பாட்டு, மெழுகுவத்தி. ராஜாவும் ராணியும் வந்தாங்க. ராஜா எங்க வரிசையைப் பாத்துக் கையாட்டினார்.

— கையாட்டினாரா?

— ஆமா.

— இன்னிக்கு?

— ஆமாங்கறேன்ல.

— மாட்டினியா! அம்மா தாயே, இன்னிக்குப் பூசைக்கு ராஜா வரவே மாட்டார்! தனக்கே நன்றி சொல்றதைக் கேக்கக் கூச்சமோ என்னவோ. சொந்தக்காரங்கதான் வருவாங்க. இது ஸ்கூல் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே!

— ஓ.

— என்ன ஓ? நீ சர்ச்சுக்கே போகல! அவனோட எங்க போன? எந்த ஓட்டல்? சொல்லுடி, வயிறு எரியுது. வருஷா வருஷம் இந்த ஒரு நாள் என் உயிரை வாங்குது!

— சர்ச்சுக்குப் போகலதான். யோவாகிமும் வரல. மாமியாரை ஆஸ்பத்திரில சேத்துட்டு அங்கயே கிடக்கான்.

— அப்ப எங்கதான் போன?

— உன் ஃபேக்டரிக்கு. இந்த நாள் வந்தாலே உன் முகம் தொங்கிப் போகுதேன்னு, மத்தியானம் சுடச்சுட வாஃபிள் எடுத்துக்கிட்டு வந்தேன்.

— ஃபே... ஃபேக்டரிக்கா?

— வாசல் காவல்காரர் நல்ல மனுஷன்.

— வீர்லெ, இங்க பாரு...

— வாஃபிள் ஒண்ணு குடுத்தேன். தின்னுக்கிட்டே சொன்னார்: “வான்னஸோட சம்சாரத்துக்கு அரசாங்க வேலைம்மா, இன்னிக்கு லீவு. அதனால வருஷா வருஷம் அவரும் அரைநாள் லீவு போட்டுடுவார். அந்தம்மாவே கார்ல வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்னா ஒத்துமை! ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்?”