புளி மண்டிக்காரர் வீட்டுக் கிணறு

எங்கள் வீட்டு முன்கதவு மழைக்காலத்தில் கொஞ்சம் இறுகிக்கொள்ளும். தோளால் தள்ளினால் திறந்துவிடும். வீடு பார்க்க வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் சொல்வேன். எனக்கு ஆள் முன்னால் பேச வராது மேடம், அதனால் எழுதித் தருகிறேன்.

அரூரில் புளி மண்டி வைத்திருந்த என் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு அது. நூறு வருடம் தாண்டிவிட்டது. அதை விற்றுவிட்டு ஓசூருக்குக் குடிபோக அண்ணனும் அண்ணி நிர்மலாதேவியும் முடிவு செய்தார்கள். எனக்கு அங்கே ஒரு கம்பெனி ஹாஸ்டலில் இடம் பார்த்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றதிலிருந்து நான் அந்த வாசலைத் தாண்டியது குறைவு.

வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலையை என்னிடம் விட்டார்கள். நான் வாயில்லாப் பூச்சி, எதையும் உளறிவைக்க மாட்டேன் என்று அண்ணிக்கு நம்பிக்கை.

வந்தவர்கள் எல்லாரும் பின்கட்டுக் கிணற்றருகே நின்று, குரலைத் தாழ்த்தி, ஒன்றையே கேட்டார்கள். "இந்த வூட்ல யாராச்சும் தப்பா செத்திருக்காங்களா?"

"ஒரு பொண்ணு இதுல வுழுந்துடுச்சு" என்பேன். அவ்வளவுதான். மூன்று பேர் காபியைக்கூடக் குடிக்காமல் போனார்கள்.

நான்காவதாக வந்த தொப்பூர் லாரிக்காரர் மாதையன் போகவில்லை. "பேரு என்னம்மா? எந்த வருசம்?" என்றார். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தெரு முழுக்க விசாரித்துவிட்டு வந்து அண்ணியிடம் சிரித்தார். "ஒருத்தரும் சாவலீங்க. உங்க வூட்டுப் புள்ள நல்லா கத கட்டுது. வெள்ளிக்கிழம அட்வான்ஸ் போட்டுக்கலாம்."

"ஒம்பதாவதே தாண்டல, கத கேக்குதா உனக்கு?" என்றாள் அண்ணி. "ஓசூர்ல போயி ஹாஸ்டல் செவுத்துகிட்ட சொல்லு."

எனக்குக் கோபம் வரவில்லை. மாதையன் கேட்டது நியாயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் இல்லாமல் எப்படி நம்புவார்கள்?

கிணற்றை மூடிய பலகைமேல் ஏறி நின்றுதான் அண்ணி தினமும் துணி காயப்போடுவாள். வியாழக்கிழமை காலை பலகைக்கு அடியில் இருந்த குறுக்குக்கட்டையை ஆணி பிடுங்கி எடுத்து விறகோடு போட்டேன். கனமே இல்லை. அப்புறம் அரிசி களைய உட்கார்ந்தேன். அவள் என் பெயரைச் சொல்லி நாலைந்து முறை கூப்பிட்டாள். அரிசியைப் பாதியில் விட முடியாது. களைந்து, உலை வைத்து, கை துடைத்துக்கொண்டு போனேன். அப்போது கூப்பிடவில்லை.

பலகை இற்றுப்போய் உடைந்தது, விபத்து என்று நீங்கள் ஸ்டேஷனுக்கு எழுதிக்கொண்டு போனீர்கள். நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் பதினாறாம் நாள் மாதையன் மறுபடி வந்தார். "கால் தவறினது யார் வூட்லயும் நடக்கறதுதாங்க. கெணத்த மண்ணு போட்டு மூடிட்டா சரியாப் போச்சு" என்றார். அண்ணன் தலையாட்டினார்.

விபத்து நடந்த வீட்டை வாங்குகிறார்கள் மேடம். கொலை நடந்த வீட்டை வாங்க மாட்டார்கள்.

அதனால் சொல்கிறேன். நான்தான் கொன்றேன். கட்டை இன்னும் விறகு அடுக்கில்தான் இருக்கிறது, ஆணி ஓட்டை தெரியும். பேப்பர்காரர்கள் வந்தால் தெருப்பெயரையும் கதவு எண்ணையும் தப்பில்லாமல் சொல்லுங்கள். இதோடு தரும் வீட்டுச் சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்.