பாதிப் பேச்சு

— நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது, ஐம்பது.

— போதும்மா, மூச்சை விடு. மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி பன்னெண்டு எண்ணறதுக்குள்ள நாக்கு குழறிடும் உனக்கு. டாக்டர் கூப்பிட்டதும் முதல்ல இதைச் சொல்லிடறேன்.

— நானே சொல்லிக்கறேன்.

— நீ எதுக்கு அலட்டிக்கற? ஆறு வருஷமா நான்தானே சொல்றேன். இந்தப் படிவத்தையும் எழுதியாச்சு. விழுங்கறதுல சிரமம், இல்ல. இமை தொங்கறது, சாயங்காலத்துல கொஞ்சம்.

— சாயங்காலமும் இல்லைங்க. ரெண்டு மாசமா இல்ல.

— அப்படியா? சரி, அடிச்சிடறேன். உடம்பைக் காக்க வேண்டிய செல்லே உனக்கு எதிரியாப் போச்சு பாரு. அந்த பி செல்லை மட்டும் தேடிப் பிடிச்சுக் காலி பண்ணிடுச்சாம் மருந்து. அந்த செல்லுதானே நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேராம, நடுவுல...

— நடுவுல பூந்து கெடுத்துச்சு.

— அதேதான். பாரேன், நான் சொல்ல வந்ததை நீ முடிக்கற.

— உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்.

— கிண்டலா? நல்லாத் தேறிட்ட. அடுத்த டோஸுக்குக் கூட வர்றவர்னு ஒரு கட்டம் இருக்கு. கணவர்னு போட்டுட்டேன்.

— அதை எழுதாதீங்க. நான் என்ன சொல்றேன்னா...

— புரியுது, புரியுது. நான் ரெஸ்ட் எடுக்கணும்னு சொல்ற.

— முடிக்க விடுங்க.

— உனக்காக வேலையவே விட்டவன், ஊசிக்குக் கூட வர மாட்டேனா?

— அதை நினைச்சுத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. உங்களுக்கு அலுக்கலையா?

— அலுக்காம? படுத்தா எழுந்திரிக்கவே மனசு வரல. ஆனா உனக்கு ஒரு குறை வெச்சிருப்பேனா? பேச்சே வராத நாள்லகூட, 'த'ன்னு நீ வாயெடுத்ததும் தண்ணியோட வந்து நிப்பேன்.

— நிப்பீங்க. நானும் வாங்கிக் குடிச்சிடுவேன்.

— தாகம்னு எனக்குத் தெரியாதா என்ன?

— தாகமே இல்லைங்க. உங்க முகத்தைப் பாத்து, மறுபடி சொல்லத் தெம்பில்லாம குடிச்சேன்.

— பின்ன என்ன கேட்ட?

— குழறின வாய்ல உங்களுக்குத் தண்ணின்னு கேட்டிருக்கும். தனியாப் போயிடறேன்னு சொல்ல வந்தேன்.