நாற்காலி மீது குற்றமில்லை

நன்றாகச் சாய்ந்தே உட்காருங்கள் சார், ஒன்றும் ஆகாது. பின்னால் கால் இல்லையே என்று எல்லோரும் முதலில் நுனியில்தான் உட்காருவார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது உங்களுக்காகத்தான்.

ஒரே எஃகுக் குழாய். முதுகில் தொடங்கி, இருக்கையாக ஓடி, முன்னால் இறங்கி, தரையில் படுத்துவிடுகிறது. உட்காரவும் சாயவும் பிரம்புப் பின்னல். உட்காருகிறவன் கனத்தை வளைந்து வாங்கிக்கொள்ளும். நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் யாரோ சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்து யோசித்ததாம். ராஜபாளையத்தில் நான் ஃபிட்டராக இருந்த மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரன் இதையும் கொண்டுவந்தான். யானை மாதிரி ஆள். அவன் தும்மினால் நாற்காலி அவனை ஜன்னல்வரை தூக்கி, வெளியே வேடிக்கை காட்டிவிட்டு இறக்கும் என்பார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன். ரிட்டையர் ஆனபோது சால்வை வேண்டாம் என்று சொல்லி இதைக் கேட்டு வாங்கினேன்.

என் தங்கை கனகலட்சுமியின் வீட்டுக்காரர் பாண்டிதுரை, கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். தங்கமான மனுஷன். அடுத்த வீட்டில் ஒரு குறை கண்ணில் பட்டால், கேட்காமலே அதைச் சரிசெய்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். எங்கள் ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப்பேர் அப்படித்தான்.

"ரெண்டு காலை வச்சுக்கிட்டு நாற்காலின்னு பேரு வேற. செத்த நேரம் குடுங்க மச்சான், முழுசாக்கித் தாரேன்."

"அதுக்கு ஒரு கொறையும் இல்ல மாப்ளே. தொட்டுராதீங்க."

"எங்கிட்ட என்ன மச்சான் கூச்சம்?"

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். பால்கோவாவோடு திரும்பினால், ஹாலில் நாற்காலி நான்கு காலில் நிற்கிறது. வெள்ளிப் பெயிண்ட் வேறு. உட்கார்ந்து பார்த்தேன். அசையவில்லை. உரலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு மச்சான்?"

"அம்புட்டு நல்லாருக்கு மாப்ளே" என்று அவர் வாயில் பால்கோவாவைப் போட்டேன்.

ஆத்திரமெல்லாம் படவில்லை. ஆத்திரப்பட்டால் கை நேராக ஓடாது. பின்னங்கால்களை வெல்டிங் பிடித்த இடத்தில் ஹாக்ஸா பிளேடால் நூலளவு விட்டு அறுத்தேன். வெட்டில் சோப்பைத் தேய்த்து மேலே வெள்ளிப் பெயிண்ட் பூசினேன். இந்த வயதிலும் கை நடுங்கவில்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

சோழபுரத்தில் எங்கள் தோப்புக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் போட்டுவிட்டு மாப்பிள்ளை அங்கேதான் காற்று வாங்குவார். நாற்காலியைக் கொண்டுபோய்க் கிணற்றுக்கு முதுகு காட்டிப் போட்டேன்.

"இம்புட்டு ஓரத்துலயா மச்சான்?"

"நீங்க வச்ச காலுதான மாப்ளே, பயமென்ன?"

சிரித்தார். முன்பக்கம் தரையைவிட்டு எழும்பும்படி நன்றாகச் சாய்ந்தார். கால் இல்லாதபோது அவர் ஒருநாளும் சாய்ந்தவரில்லை சார். தன் வெல்டிங்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவர் தண்ணீர்வரை போய்விட்டார். நாற்காலி பாதியில் ஒரு படிக்கல்லில் மாட்டிக்கொண்டது. "மச்சான், கயிறு, கயிறு" என்று கூப்பிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. அங்கே இருந்தது ஒரே கயிறு. நாற்காலியோ ஆடிக்கொண்டிருந்தது, விழுந்தால் பிரம்பு ஊறிக் கெட்டுவிடும். முதலில் நாற்காலியில் கட்டி அதைத் தூக்கினேன். முடிச்சை அவிழ்ப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. வயசாகிவிட்டது பாருங்கள், முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை.

முறிந்து தொங்கிய கால்களைக் கிணற்றில் போட்டுவிட்டு, தழும்பை அரத்தால் ராவியபின் ஆட்களைக் கூப்பிட்டேன். பின்னங்கால்களை முந்தின நாளே எடுத்துவிட்டதாகச் சொன்னேன். வெல்டிங் விட்டுப்போனது என்றால் மாப்பிள்ளையின் தொழில் பெயர் கெடும் அல்லவா?

அங்கேதான் தப்புச் செய்துவிட்டேன். பின்னங்கால் இல்லாத நாற்காலி ஆளைக் கவிழ்த்துவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. நீங்களும் எஃப்.ஐ.ஆரில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்களாம். கனகலட்சுமி அழுதுகொண்டே, "அந்தப் பீடையை இரும்புக் கடையில போடுங்கண்ணே, உருக்கட்டும்" என்கிறாள். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கிடைப்பதை நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

எழுந்திருக்காதீர்கள் சார், பயப்படாமல் சாயுங்கள். அது யாரையும் கொன்றதில்லை. அதை முதல் வரியாக எழுதுங்கள். மாப்பிள்ளையைக் கொன்றது இந்தச் சங்கரலிங்கம் என்பதைக் கீழே எங்கேயாவது போட்டுக்கொள்ளலாம்.